ஐந்து விரலையும் விரித்துக் காட்டுங்கள்!

(உத்திரமேரூர் அரங்கில், "அச்சில் வரும் கணக்கைச் சரிபார்க்க வேண்டியது யார்? எழுதியவரா? படிப்பவரா?" என்ற தலைப்பில், 'படிப்பவரே' என்னும் அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்துகொண்டு, 'இந்தம்மா என்ன பெரிசா பேசிடப் போகுது' என்று பார்க்கிற அண்ணன்மார்களே! என் அணிச் சகோதரிகளே! அடுப்பில் பாலை வைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! முதல்ல போய் அடுப்பை அணைச்சுட்டு வாங்க. (சிரிப்பு) (கைதட்டல்)

நான் பெரிய படிப்பு படிச்சவ இல்லைங்க. பத்தாவதோட சரி. இந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமம். எங்க மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுறேன். பன்னிரண்டு பேர் குழு. மாசா மாசம் கூடுவோம். நான் கணக்கை வாசிப்பேன். வாசிச்சு முடிச்சதும் நோட்டு கை மாறிக் கை மாறி எல்லார்கிட்டயும் போகும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருத்தங்க இருக்காங்க. அவங்ககூட பக்கத்துல இருக்கிறவளை வாசிக்கச் சொல்லி, விரல் விட்டுக் கூட்டிப் பார்த்துட்டுத்தான் நோட்டைத் தருவாங்க. ஒரு நாளும் நான் கோவிச்சுக்கிட்டது இல்ல. அவங்க என்னைச் சந்தேகப்படலைங்க. அவங்க காசை அவங்க எண்ணிப் பார்க்குறாங்க. அவ்வளவுதான்.

எனக்கு முன்னாடி பேசின ஐயா சொன்னாரு: "எழுதுகிறவர் விஷயம் தெரிந்தவர். அவர் போட்ட கணக்கைப் படிக்கிறவன் திரும்பப் போட்டுப் பார்த்தால், எழுத்துக்கு என்ன மரியாதை?" அப்படின்னாரு. ஐயா, தமிழ் அழகா இருந்துச்சு. கணக்குதான் இடிக்குது. (சிரிப்பு) நீங்க காய்கறிக் கடைக்குப் போறீங்க. கால் கிலோ கத்தரிக்காய் வாங்குறீங்க. தராசு முள்ளு நேரா நிக்குதான்னு பார்ப்பீங்களா, மாட்டீங்களா? பார்ப்பீங்க. அங்க போனா போறது பத்து ரூபாய். ஆறு லட்சம்னு ஒரு பத்திரிகைக்காரர் எழுதினா மட்டும், 'ஆகா, அச்சுல வந்திருக்கு'ன்னு கண்ணை மூடிக்கணுமா? (பலத்த கைதட்டல்)

ஆறு லட்சம்னு சும்மா சொல்லலைங்க. ஒரு பத்திரிகையில படிச்சேன். 'தினமும் 20 ரூபாய் சேர்த்தால், 20 வருடத்தில் உங்கள் கையில் கிட்டத்தட்ட 6 லட்சம்!' கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. எனக்குப் பொண்ணு ஒருத்தி இருக்கா இல்லையா, மனசு துள்ளிப் போச்சு. அன்னைக்கே ஒரு டப்பாவில 20 ரூபாய் போட்டேன்.

என் பொண்ணு காலேஜில கம்ப்யூட்டர் படிக்கிறா. அவ போன்ல ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினா. அதுல மூணு கட்டம். மாசம் எவ்வளவு போடுற? வருஷத்துக்கு என்ன வட்டி? எத்தனை வருஷம்? கட்டத்துல எண்ணைப் போட்டா, கீழே விடை தானா வருது. "அம்மா, அவங்க சொன்னதையே போடு"ன்னா. மாசம் 600, வட்டி 12 சதவீதம், 20 வருஷம். விடை 5 லட்சத்து 93 ஆயிரம். பாருங்க, அந்த எழுத்தாளர் பொய் சொல்லல. கணக்கு சரி.

"இப்ப அந்த 12-ஐ மட்டும் அழிச்சுட்டு 6 போடு"ன்னா. போட்டேன். நடுவர் ஐயா, எவ்வளவு வந்திருக்கும், சொல்லுங்க?

நடுவர்: வட்டி பாதியாச்சுன்னா, விடையும் பாதி... மூணு லட்சமா?

மூணு லட்சம்கூட இல்லைங்க. 2 லட்சத்து 77 ஆயிரம்! அதுல 1 லட்சத்து 44 ஆயிரம் நானே போட்ட காசு. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுதுன்னு வச்சா, அவங்க சொன்ன அந்த 6 லட்சமே, இன்னைய மதிப்புக்கு 1 லட்சத்து 87 ஆயிரம்தான். 12 சதவீதம் கிடைக்கவே கிடைக்காதுன்னு நான் சாதிக்கலைங்க. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். 'இது 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு'ங்கிற வரி அந்தக் கட்டுரையில எங்க இருந்துச்சு தெரியுமா? கடைசிப் பக்கத்துல, கடுகு சைசுல! (சிரிப்பு, கைதட்டல்)

தப்பு கூட்டல்ல மட்டும் இல்லைங்க. கூட்டுறதுக்கு முன்னாடி எந்த எண்ணை எடுத்துக்கிட்டாங்க, அதுலயும் இருக்கு. அந்த எண்ணை மாத்திப் பார்க்கப் படிக்கிறவனுக்கு இடம் கொடுத்தா, எல்லாம் வெளிய வந்துடும்.

இந்தக் கட்டம் எப்படி வந்துச்சுன்னு பொண்ணு ஒரு கதை சொன்னா. அமெரிக்காவுல டான் பிரிக்லின்னு ஒரு மாணவர். வாத்தியார் கரும்பலகை நிறைய எண்ணை எழுதிக் கணக்குப் போடுறாரு. நடுவுல ஒரு எண் தப்பு. அதை மாத்தினா, அதுக்குக் கீழே இருக்கிறதெல்லாம் அழிச்சு அழிச்சு எழுதணும். 'ஒரு எண்ணை மாத்தினா மத்ததெல்லாம் தானா மாறுற பலகை இருந்தா எப்படி இருக்கும்!'னு நினைச்சாரு. பாப் பிராங்க்ஸ்டன்கிறவரோட சேர்ந்து, 1979-ல விசிகால்க்னு ஒரு கணக்குத்தாளையே கம்ப்யூட்டர்ல கொண்டுவந்துட்டாரு. 1995-ல ஜாவாஸ்கிரிப்ட்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி வந்தது. அதுக்கப்புறம் அந்தக் கணக்கு நாம படிக்கிற இணையப் பக்கத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துக்கிச்சு. 'சொந்த வீடு நல்லதா, வாடகை வீடு நல்லதா?'ன்னு நம்ம வீடுகள்ல நடக்குற சண்டை இருக்கே, அதுக்கே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இப்படிக் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கு. உன் வாடகையை நீ போடு, உன் வட்டியை நீ போடு, விடையை நீயே பாரு!

இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம்னு எதிரணி சொல்லும். காரி நாயனார்னு நம்ம முன்னோர் ஒருத்தர் 'கணக்கதிகாரம்' எழுதி வச்சாரே. பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எத்தனைன்னு சொல்ல அதுல வழி இருக்கு. காம்பைச் சுத்தி இருக்கிற முள்ளை எண்ணு, 6-ஆல் பெருக்கு, 5-ஆல் வகு. 100 முள்ளுன்னா 120 சுளை. சரியா வருமா, வராதா? பழம் உன் வீட்டுல இருக்கு, அரிவாள்மனையும் இருக்கு. அறுத்து எண்ணிப் பாரு! (சிரிப்பு) தப்பா இருந்தாக்கூட நமக்குச் சுளை மிச்சம். (பலத்த சிரிப்பு) விடையை மட்டும் சொல்லல அவரு. வழியைச் சொன்னாரு. நம்ம பழத்து முள்ளை நாமே எண்ண விட்டாரு.

ஐயா, இனிமே சிரிப்பு வராது எனக்கு. எங்க வீட்டுக் கதையைச் சொல்லப் போறேன். எங்க வீட்டுக்காரர் நாலாவது வரிசையில உட்கார்ந்திருக்காரு. அவர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் சொல்றேன்.

பத்து வருஷத்துக்கு முன்னாடி, சரக்கு ஏத்துற குட்டியானை வண்டி ஒண்ணு பழசா வாங்கினாரு. 1 லட்ச ரூபாய் கடன். கடன் கொடுத்தவங்க பேர் வேண்டாம். அவங்க நோட்டீஸ்ல போட்டிருந்தது இதுதான்: 'நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. மூன்று வருடத் தவணை.' நூத்துக்கு ஒரு ரூபாய்னா வருஷத்துக்கு 12 சதவீதம். கொள்ளை வட்டி இல்லையே, நியாயமாத்தானே இருக்குன்னு கையெழுத்துப் போட்டாரு. மூணு வருஷத்துக்கு வட்டி 36,000. அசலோட சேர்த்து 1,36,000. 36 மாசத்துக்குப் பங்கு போட்டா மாசம் 3,778.

மழையோ வெயிலோ, 31 மாசம் கட்டினாரு. அப்புறம் மஞ்சள் காமாலை வந்து படுத்துட்டாரு. 32-ஆவது மாசம் கட்டல. 33-ஆவது மாசமும் கட்டல. வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு நான் கேட்ட வார்த்தை இன்னைக்கும் என் காதுலயே கேக்குது. "31 தவணை கட்டத் தெரிஞ்ச மனுஷனுக்கு ரெண்டு தவணை கட்டத் துப்பில்லையா?"ன்னு கேட்டேன். அவர் ஒண்ணுமே பேசல. அப்புறம் கூலிக்கு வேற ஒருத்தர் வண்டி ஓட்டினாரு. (அரங்கில் அமைதி)

போன வருஷம் அதே கட்டத்துல, சும்மா விளையாட்டுக்கு, அந்தப் பழைய கடனைப் போட்டுப் பார்த்தா என் பொண்ணு. அசல் 1 லட்சம். வட்டி 12. மாசம் 3,778 கட்டினா எத்தனை மாசத்துல கடன் முடியும்? விடை வந்துச்சு. 31 மாசம்!

ஐயா, 31 மாசம்! அவரு கட்டினதே 31 மாசம்!

நடுவர்: இரும்மா, இரும்மா. எனக்கே தலை சுத்துது. 12 சதவீதம்தானே ரெண்டும்? எப்படி 36 மாசம், 31 மாசம் ஆச்சு?

அதைத்தான் சொல்றேன் ஐயா. நாம மாசா மாசம் கட்டும்போது அசல் குறையுது இல்லையா? குறைஞ்ச அசலுக்குத்தான் வட்டின்னா, அது உண்மையான 12 சதவீதம். அப்படின்னா 36 மாசத்துக்கு மாசம் 3,321 கட்டினாலே போதும். மொத்த வட்டி 19,572. ஆனா அவங்க போட்டது அப்படி இல்ல. முதல் நாள் வாங்கின 1 லட்சத்துக்கும், கடைசி மாசம் வரைக்கும், மாசம் ஆயிரம் வட்டி. கடைசி மாசம் அசல்ல பாக்கி 2,778 ரூபாய். அதுக்கும் ஒரு மாச வட்டி ஆயிரம் ரூபாய்! (அரங்கில் சலசலப்பு) அந்தக் கடனோட நிஜ வட்டி 12 இல்ல, ஏறக்குறைய 21 சதவீதம். நோட்டீஸ்ல இருந்த எண் பொய் இல்லைங்க. ஆனா எந்தத் தொகைக்கு வட்டிங்கிற ஒரு வரி அதுல இல்ல. போட்டுப் பார்க்க எங்களுக்கு வழியும் தெரியல.

எங்க வீட்டுக்காரர் அந்த விடையைப் பார்த்தாரு. "அப்ப நான் ஏமாளியா?"ன்னு கேட்டாரு. இல்லைங்க. நீங்க ஏமாளி இல்ல. நோட்டீஸை நம்பினவ நான், உங்களை நம்பாதவ நான். இத்தனை பேர் முன்னாடி சொல்றேன், நான் கேட்ட வார்த்தை தப்பு. என்னை மன்னிச்சிடுங்க. (நீண்ட கைதட்டல்)

நடுவர்: நாலாவது வரிசையில கண்ணைத் துடைக்கிற அண்ணே, ஒரு கை தட்டுங்க. மன்னிச்சாச்சுன்னு நாங்க எடுத்துக்கிறோம். (கைதட்டல்) நீ பேசும்மா.

நன்றிங்க ஐயா. இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். இந்த ஊர்ல நின்னுக்கிட்டுக் கணக்கைப் பத்திப் பேசிட்டு, வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பேசலைன்னா அந்தச் சுவரே கோவிச்சுக்கும். முதலாம் பராந்தக சோழன் காலம். 919-லயும் 921-லயும் வெட்டின கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல்னு எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சோம். ஓலையைக் குடத்துல போட்டாங்க, சின்னப் பையனை எடுக்கச் சொன்னாங்கன்னு அதோட விட்டுட்டோம். மீதியைப் பாருங்க.

பையன் எடுத்த ஓலையை மத்தியஸ்தர் வாங்குறாரு. எப்படி வாங்கணும்? ஐந்து விரலையும் விரிச்சு, உள்ளங்கையில வாங்கணும்! வேற ஓலையை விரலுக்குள்ள மறைச்சு வச்சுக்கக் கூடாதில்ல? அவர் பேரை வாசிப்பாரு. அவர் வாசிச்சா போதுமா? போதாது. அதே ஓலையை அங்கே இருக்கிற நம்பிமார் எல்லாரும் வாசிக்கணும். இன்னைக்கு அந்தக் கட்டம் செய்யுற வேலை இதுதானே? எழுதினவர் வாசிச்சதை நாமும் ஒரு தரம் வாசிக்கிறோம்.

முப்பது குடும்புக்கு முப்பது பேர். அதுல சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, மீதி 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்து நாலு, ஆறு முப்பது. ஆயிரம் வருஷம் கழிச்சுப் பத்தாவது படிச்ச நானே கூட்டிப் பார்க்குற மாதிரி வெட்டி வச்சிருக்காங்க! (பலத்த கைதட்டல்) வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாம போனவன் பேரைத் திரும்பக் குடத்துல போடக் கூடாது. அவன் சொந்தக்காரன் பேரையும் போடக் கூடாது. கணக்கு எழுதுறவன், தான் எழுதின கணக்கைத் தானே வந்து காட்டணும். அவனுக்குப் பதிலா வேறொருத்தன் வந்து கணக்கை முடிக்கக் கூடாது.

அந்தச் சபையில என்னை மாதிரி ஒரு பொம்பளைக்கு இடம் இல்லைங்க. நிலம் இல்லாதவனுக்கும் இடம் இல்ல. அதையும் அந்தச் சுவரே சொல்லுது. அதுக்காக ஏங்க நான் வரல. ஆனா, கணக்குன்னா நாலு பேர் பார்க்கக் காட்டணும்ங்கிற பழக்கத்தை இந்த ஊர் கல்லுல எழுதி வச்சிருக்கு. அது எனக்கும் சொத்துதான்.

எதிரணியில ஒரு தம்பி கேட்டாரு, "பெரிய பெரிய பேராசிரியர்கள் எழுதுவதையுமா சரிபார்ப்பீர்கள்?" ஆமாம் தம்பி, அதைத்தான் முதல்ல பார்க்கணும். 2010-ல கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு உலகப் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரு நாட்டோட கடன் அதோட வருஷ வருமானத்துல 90 சதவீதத்தைத் தாண்டினா வளர்ச்சி படுத்துடும், சராசரி பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.1 சதவீதம்னு எழுதினாங்க. 'செலவைக் குறை, செலவைக் குறை'ன்னு பேசின அரசியல்வாதிகள் பல நாட்டுல அதை எடுத்துக் காட்டினாங்க. தாமஸ் ஹெர்ண்டன்னு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர். வகுப்புல கொடுத்த வீட்டுப்பாடத்துக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டாரு. வரல. அவங்ககிட்டயே கணக்குத்தாளைக் கேட்டு வாங்கினாரு. 2013-ல ஊரே பேசின விஷயம் அது. 20 வரியைச் சராசரி எடுக்க வேண்டிய இடத்துல 15 வரிதான் எடுத்திருந்துச்சு. அஞ்சு நாடு விட்டுப் போச்சு! இன்னும் சில குறைகளையும் காட்டி, மைனஸ் 0.1 இல்ல, 2.2 சதவீதம்னு அவரும் அவரோட பேராசிரியர்களும் எழுதினாங்க. வரி விட்டுப் போனதை அந்த அறிஞர்களே ஒத்துக்கிட்டாங்க. கேட்டதும் கணக்குத்தாளை எடுத்துக் கொடுத்தாங்களே, அந்தப் பெருந்தன்மைக்கும் ஒரு கை தட்டணும். (கைதட்டல்) ஆனா மூணு வருஷத்துக்கு முன்னாடியே, கட்டுரையோடவே அது இருந்திருந்தா?

சரி, இந்தக் கட்டம் மட்டும் பொய் சொல்லாதா? சொல்லும்! கடன் விக்கிறவங்களே கட்டத்தையும் செஞ்சு வச்சா, அவங்களுக்கு வேண்டிய மாதிரிதான் அது கணக்குப் போடும். அதுக்குத் தாய்மார்களே, ரெண்டு சோதனை சொல்றேன், குறிச்சுக்கோங்க. அசல் 36,000, வட்டி பூஜ்யம், 36 மாசம்னு போடுங்க. தவணை சரியா 1,000 வரணும். வரலைன்னா வேற ஏதோ பணத்தைச் சேர்த்துக்கிறாங்க. அடுத்தது, 1 லட்சம், 12 சதவீதம், 36 மாசம் போடுங்க. 3,321 வந்தா, குறையுற அசலுக்கு வட்டி. 3,778 வந்தா, எழுந்து வீட்டுக்கு வந்துடுங்க! (பலத்த கைதட்டல்)

போன் இல்லாதவங்க என்ன செய்வாங்கன்னு கேப்பீங்க. நியாயம்தான். அவங்களுக்கு வழிக்கணக்கைத் தாள்லயே எழுதிக் கொடுங்க. அதுக்கும் சட்டம் வந்தாச்சு. 2024 அக்டோபர் 1-லிருந்து கொடுக்குற புது வீட்டுக்கடன், வண்டிக்கடன், சிறு தொழில் கடன் மாதிரிக் கடனுக்கெல்லாம், முக்கிய விவரத் தாள் ஒண்ணு கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. கடன் வாங்குறவருக்குப் புரியுற மொழியில இருக்கணும். எல்லாச் செலவையும் சேர்த்த வருஷ வட்டி, அதைக் கணக்குப் போட்ட விதம், மாசா மாசம் அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு, எல்லாம் அதுல இருக்கணும். கையெழுத்துக் கேட்டா, முதல்ல அந்தத் தாளைக் கேளுங்க.

ஆறாவது படிக்கிற பிள்ளை விடையை மட்டும் எழுதினா வாத்தியார் மார்க்கைக் குறைக்கிறாரு. 'வழி எங்கே?'ன்னு கேக்குறாரு. பிள்ளையைக் கேக்குற கேள்வியைப் பெரியவங்களைக் கேட்டா அது மரியாதைக் குறைவா? எழுதுறவங்களே, உங்க கணக்கை நான் பார்க்குறேன்னா, உங்க எழுத்தை அவ்வளவு அக்கறையாப் படிக்கிறேன்னு அர்த்தம். நீங்க ஐந்து விரலையும் விரிச்சுக் காட்டுங்க. உள்ளங்கையில இருக்கிறதை நாங்க வாசிச்சுக்கிறோம். சரிபார்க்குற பொறுப்பு எங்களோடது, காசும் எங்களோடது, கையெழுத்தும் எங்களோடது.

கடைசியா ஒண்ணு ஐயா. இப்ப நான் சொன்ன எண்களையும் நம்பிடாதீங்க. வீட்டுக்குப் போய் ஒரு தரம் போட்டுப் பாருங்க!

(நீண்ட நேரம் கைதட்டல்)